ஸ்ட்ரைவ் சாருக்கு மிஞ்சிய சொல்

வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போனபோது, ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் தங்கிவிட்டது. அதுவும் தமிழ்ச் சொல் இல்லை. ‘ஸ்ட்ரைவ்.’

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயரே ஸ்ட்ரைவ் சார்தான். எந்த வகுப்புக்குப் போனாலும் அந்த வினைச்சொல்லை எழுதிப்போடாமல் கரும்பலகையை விட்டு நகரமாட்டார். “ட்ரைன்னா செஞ்சு பாக்கிறது. முடியலேன்னா விட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம். ஸ்ட்ரைவ்னா அப்படி இல்ல. மூச்சைப் பிடிச்சுப் பாடுபடணும், தோத்தாலும் விடக்கூடாது” என்பார். ஸ்ட்ரைவ், ஸ்ட்ரோவ், ஸ்ட்ரிவன் என்று பையன்கள் கூரை அதிரக் கத்துவார்கள். வீட்டிலும் மகனுக்கு அதே பாட்டுதான். மகன் பரீட்சையில் கோட்டைவிட்டு, கடை வைத்து நொடித்து, கடைசியில் சரக்கு வண்டி ஓட்டப் போனபோதும் அப்பா சொன்னது அந்தச் சொல்லைத்தான். அன்றிலிருந்து அவன் வீட்டுப் பக்கம் வருவது குறைந்துபோனது.

வாத்தியாரின் மனைவி துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை பார்ப்பவள். இங்கிலீஷ் தெரியாது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், “அர்த்தத்தைப் பாக்காதீங்கம்மா. அவர் நினைக்கிறது வேற, வாய்க்கு வர்றது அது ஒண்ணுதான்” என்றது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டி வெட்டிச் சொன்னால் பாத்ரூம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், காப்பி ஆறிப்போச்சு என்று திட்டுகிறார்.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பதான் நீங்க பேசுறது எனக்குப் புரியுது” என்று ஒருநாள் அவள் சிரித்தாள். அவரும் ஒரு பக்க உதட்டால் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். அதைச் சமையலறையில் அம்மாவிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னான். பிறகு கட்டிலருகே போய் உட்கார்ந்தான். அப்பா இடக்கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒட்டிப்போன கன்னத்தையே பார்த்தார்.

“ஸ்ட்ரைவ்?”

அவன் முகம் சுண்டிவிட்டது. “பண்ணிட்டுதான்பா இருக்கேன்.”

அப்பா தலையை ஆட்டி மறுபடியும் அதையே கேட்டார்.

“டேய், சாப்பிட்டியான்னு கேக்குறாருடா” என்றாள் அம்மா.

“உனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. அவர் என்ன கேக்குறாருன்னு எனக்குத் தெரியும்.” கையை உருவிக்கொண்டு எழுந்தான்.

பின்னாலிருந்து வாத்தியார் கத்தினார். அந்தக் குரலில் அந்தச் சொல்லை அவள் அதுவரை கேட்டதே இல்லை. போகாதேடா என்றுதான் அவள் காதில் விழுந்தது. படிக்கட்டுக்கு ஓடினாள். அவன் தெருமுனை தாண்டிவிட்டிருந்தான்.

மறுநாள் காலையிலிருந்து வாத்தியார் கைக்கண்ணாடியைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் தட்டையும் வாயையும் காட்டி, எந்த வார்த்தை வேண்டும் என்று புரியவைத்திருந்தார். ‘சா’ என்று தொடங்க வாயைத் திறப்பார், ‘ஸ்’ என்று அந்தப் பழைய சொல்லே முந்திக்கொண்டு வரும். சட்டை முழுக்க வியர்த்துவிடும். துடைத்துவிட்டால் திரும்பவும் ஆரம்பிப்பார். தையல் மெஷினில் குனிந்தபடி இருந்த அவளால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

‘சா’ வருவதற்குள் இரண்டாவது தடவை வாதம் வந்தது. இருந்த ஒரு சொல்லும் போய்விட்டது.

இப்போது மகன் ஒழுங்காக வருகிறான். அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுகிறான், புதிதாகக் கிடைத்த டெலிவரி வேலையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்கிறான். எதிர்ப்பேச்சே இல்லாத அப்பாவிடம் அவனுக்குப் பேச வருகிறது. போன வாரம் கிளம்பும்போது, “அப்பா இப்ப ரொம்ப சாந்தமாயிட்டாரும்மா. முன்னாடியே இப்படி இருந்திருக்கலாம்” என்றான்.

அவளுக்கு என்னவோ சொல்ல வந்தது. பார்த்துப் போப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.