யாரும் மூட்டாத நெருப்பு

மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டினாற்போல் இருந்தது பாய்லர் அறை. படுக்கை விரிப்புகளை வெளுக்கவும் அறுவைக் கருவிகளைச் சுத்தப்படுத்தவும் வேண்டிய நீராவி அங்கிருந்துதான் போகும். அதை இயக்கியவரை எல்லோரும் பாய்லர் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும் முன்பே அவர் கை வால்வுக்குப் போய்விடும். "அண்ணனுக்குக் கோபம் வந்தாக்கூட முள்ளப் பாத்துட்டுத்தான் வரும்" என்று நர்சுகள் கேலி செய்வார்கள். அதைக் கேட்டு அவரும் சிரிப்பார்.

அவருக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. குடும்பம் என்றால் தம்பியும், தம்பி மனைவியும், அவர்களுடைய ஒரே மகளும்தான். மூவரும் எரிமலைச் சரிவில் உருளைக்கிழங்கு பயிரிட்டு, சில பசுக்களும் வைத்திருந்தார்கள். மலை உச்சியில் எப்போதும் வெள்ளைப் புகை கசியும். அதைப் பார்த்துப் பார்த்து ஊருக்குப் பழகிவிட்டது.

அந்த வருடம் தரை அடிக்கடி அதிர ஆரம்பித்தது. அலமாரியில் பாத்திரங்கள் கிலுகிலுக்கும். பள்ளிச் சுவரில் காரை பெயர்ந்து விழுந்தது. சரிவில் இருப்பவர்கள் கீழே வந்துவிட வேண்டும் என்று அரசு அதிகாரிகள் அறிவித்து, லாரிகளும் அனுப்பினார்கள். தம்பி மனைவி மூட்டை கட்டிவிட்டாள். தம்பிக்கோ மாடுகளை விட்டு வர மனசில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, மனைவிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. கீழ போயே ஆகணும்னு இவ குதிக்கிறா."

"ஆவி வெளிய போய்க்கிட்டிருக்கிற வரைக்கும் பாய்லர் வெடிக்காதுடா. மலையும் அப்படித்தான். ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு."

அடுத்த வாரம் தம்பி மறுபடி கூப்பிட்டான். குரலில் உற்சாகம். "அண்ணே, புகைகூட நின்னு போச்சு. அடங்கிடுச்சுபோல."

ஆவி நின்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். நெருப்பு அணைந்திருக்கும், இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கும். இது அவருக்குத் தெரியாததா? உள்ளுக்குள் என்னவோ ஒன்று உறுத்தத்தான் செய்தது. ஆனால் சந்தோஷமாகப் பேசுகிற தம்பியிடம் வாய் வேறு மாதிரி சொல்லிவிட்டது: "நல்லதாப் போச்சு."

மகளுக்குக் காய்ச்சல் என்று தம்பி மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்திருந்த அன்று, நண்பகலில் மலை வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. கொஞ்ச நேரத்தில் வானம் இருண்டு சாம்பல் கொட்டியது. தீக்காயம் பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரத் தொடங்கின. டாக்டர் ஒருவர் ஓடி வந்து கதவைப் பிடித்தபடி, "அண்ணே, ஆவி மட்டும் நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பாய்லர் அண்ணன் அங்கிருந்து நகரவில்லை. சாம்பல் அடைத்த காற்றுக் குழாயை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பாய்லரை ஓடவிட்டார். ஒவ்வொரு ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும்போதும் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். தம்பி வரவில்லை. அந்தச் சரிவிலிருந்து யாருமே வரவில்லை. கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கல்லும் ஒன்றாக உருண்டு வந்து, வீடு, தொழுவம், வயல் எல்லாவற்றையும் மூடிவிட்டிருந்தன. எடுத்துப் புதைக்க உடம்புகூடக் கிடைக்கவில்லை.

நிவாரண முகாமில் தம்பி மனைவிக்கும் மகளுக்கும் ஒரு தடுப்பறை கொடுத்தார்கள். தன் வீட்டுக்கு வரும்படி அவர் கூப்பிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போவார். மகள் மட்டும், "வாங்க பெரியப்பா" என்று ஸ்டூலை எடுத்துப் போடுவாள். வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஒரு நாள் முகாமில் நிலவியல் துறையைச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரி மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் பாய்லர் அண்ணன் அவர் அருகில் போனார்.

"மேடம், நான் பாய்லர் ஓட்டுறவன். எண்ணெய நிறுத்தினா என் நெருப்பு அணைஞ்சிடும். அங்க அடியில யாரு எண்ணெய ஊத்துறா?"

அவர் சிரிக்கவில்லை. "யாரும் ஊத்தலைங்க. பூமி உருவானப்போ பாறையும் பாறையும் மோதி உண்டான சூடு இன்னும் முழுசா ஆறல. அது ஒரு பங்கு. பாறைக்குள்ள யுரேனியம், தோரியம் மாதிரி சில பொருள்கள் தானா சிதைஞ்சு சூட்டக் கொடுத்துக்கிட்டே இருக்கு. அது இன்னொரு பங்கு."

"நிலநடுக்கம்?"

"அதுவும் பெரும்பாலும் அந்தச் சூடுதாங்க. அது அடியில இருக்கிற பாறையை மெல்ல மெல்ல நகர்த்துது. மேல இருக்கிற தட்டுகளும் நகரும், நம்ம நகம் வளர்ற வேகத்துல. ஓரங்கள் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும். நூறு வருஷம் முறுக்கேறிக்கிட்டே இருந்துட்டு ஒரு நாள் சட்டுனு விடுபட்டுடும், அப்போதான் பூமி ஆடும். நம்ம மலையில நடந்தது வேற. உருகின பாறை மேல ஏறி வர்றப்போ சுத்தி இருக்கிறதெல்லாம் விரிசல் விட்டுச்சு. அதான் அந்தச் சின்ன அதிர்வுகள். அந்தக் குழம்புல வாயு கரைஞ்சிருக்கும். வழி அடைச்சதும் அழுத்தம் ஏறிடுச்சு."

"புகை நின்னது அதனாலதானா?"

"ஆமாங்க."

இவர் கேட்டார்: "அப்போ யாரையும் குத்தம் சொல்ல முடியாதா?"

"மலை வெடிச்சதுக்குச் சொல்ல முடியாதுங்க" என்றார் அதிகாரி. தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். அவர் சொல்லாமல் விட்டது இவருக்குப் புரிந்தது. மலையின் சூட்டுக்கு ஆள் இல்லை. 'நல்லதாப் போச்சு' என்ற வார்த்தைக்கு ஆள் இருக்கிறார்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு ஞாயிறு, மகள் பள்ளித் தோழிகளோடு வெளியே போயிருந்தாள். தம்பி மனைவியே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

"மாமா, அவரு உங்க பேச்சக் கேட்டு அங்க இருக்கல. மாட்ட விட்டு வர முடியாமத்தான் இருந்தாரு. யாரு சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டாரு."

அவர் ஸ்டூலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆனா உங்க பேச்சு என் வாய அடைச்சிடுச்சு. 'அண்ணனே சொல்லிட்டாரு, உனக்கென்ன தெரியும்'னாரு. நீங்க அப்படிச் சொல்லலன்னா நான் இன்னும் சண்ட போட்டிருப்பேன். கால்ல விழுந்திருப்பேன். அதுதான் மாமா எனக்கு ஆற மாட்டேங்குது."

"'மன்னிச்சிடும்மா'ன்னு கேட்க எனக்கு வாய் வரல" என்றார் அவர். பெரியவர் ஒருவர் குலுங்கி அழுவதை அவள் அன்றுதான் பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் மகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் குடிவந்துவிட்டாள்.

சரிவுக்குப் போக அனுமதி கிடைக்க மூன்று வருடம் ஆனது. பஸ்ஸில் இறங்கி மூவரும் நடந்தார்கள். பாதை இல்லை, மரம் இல்லை, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தூரத்து மேட்டையும் ஓடை வளைவையும் வைத்து, வீடு இருந்த இடத்தைத் தம்பி மனைவிதான் குத்துமதிப்பாகக் காட்டினாள். அவர் மண்வெட்டியால் மேல் சாம்பலைக் கொஞ்சம் ஒதுக்கினார். குழிக்குள் கையை வைத்த மகள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னும் சுடுது."

தாயும் குனிந்து உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்களும் வைங்க மாமா" என்றாள்.

அவர் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அந்தச் சூட்டின் மேல் தன் உள்ளங்கையையும் வைத்தார்.