உப்புப் பார்க்கக் கூடாத கோழி

ரங்கசாமி வாத்தியார் போய்விட்டார் என்று அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பருத்தி வண்டிக்காரர்தான் சொன்னார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நாற்பது வயதுகூட ஆகாத மனுஷனுக்கு அப்படி என்ன அவசரம்? பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பஸ் ஏறினேன்.

உங்களில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அவரைத் தெரியும். எதைப் போட்டாலும் வாய் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறவர் என்று கேலி செய்திருப்பீர்கள். "திங்கிறது வயிறு, நாக்குக்கு அங்க என்ன வேலை?" என்று சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

யுத்த காலத்தில் நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் வாத்தியார்கள். அவர் அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, அடுப்பில் மரக்கறி. தறிக்காரர் பழக்கம் ஒன்று அவரிடம் உண்டு. நூலைக் கண்டால் நுனியை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தித் திரிப்பார். சட்டைப் பொத்தானைத் தைத்தாலும் அப்படித்தான், காகிதத்தைக் கட்டினாலும் அப்படித்தான்.

அவர் மனைவி கமலத்துக்குத் தலைப்பிரசவம். இரண்டாம் நாளும் வலி நீடித்தது, பிள்ளை இறங்கவில்லை. நர்ஸை அழைத்துவரத் திருச்சுழிக்குப் போன வண்டி திரும்பவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஊர்க் கோடாங்கி வந்து உடுக்கை அடித்துக் குறி சொன்னார்.

"கண்மாய் முனி பிடிச்சிருக்கு. புருசன் தன் கையால சேவல் ஒண்ணை முழுசா வேகவச்சு உச்சிப்பொழுதுல கொண்டுபோய் வைக்கணும். கூறு போடக் கூடாது, எலும்பு முறியக் கூடாது, உப்புப் பாக்கக் கூடாது. முனிக்கு முந்தி மனுசன் வாய் பட்டா பொம்பளையை விடாது. வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும்."

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ரங்கசாமியும் நம்பாதவர்தான். ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலு, அவ சத்தம் குறைஞ்சுக்கிட்டே வருதுய்யா" என்றார். நான் போய்ச் சேவல் ஒன்று வாங்கிவந்தேன்.

மனுஷன் செத்த கோழியைத் தொட்டதே அன்றுதான். நான் தள்ளி உட்கார்ந்து வாயால் சொல்லச் சொல்ல அவர் செய்தார். இறகைப் பிடுங்கி, வைக்கோல் தீயில் வாட்டி, குடலை எடுக்க மட்டும் அடியில் சிறிதாகக் கீறி, மஞ்சள் தடவினார். பானைக்குள் கோழி அடங்கவில்லை. கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மடக்கினால் முறிந்துவிடுமோ என்று பயந்து, தறிநூல் கொண்டு உடம்போடு சேர்த்துக் கட்டினார். உப்பை ஒரு குத்துமதிப்பாகப் போட்டார்.

முக்கால் வேக்காட்டில் கட்டு அவிழ்ந்தது. அகப்பையால் கோழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாறு சொட்டும் நூலின் நுனியை எடுத்து நாக்கில் தொட்டுத் திரித்தார். கை தானாகச் செய்த வேலை. முடிச்சைப் போட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார்.

வேறு சேவலுக்கு நேரமில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் அடியோடு நின்றிருந்தது. "கமலத்துக்குத் தெரிய வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போய்க் கரையடியில் நின்றுகொண்டேன்.

கண்மாய் வறண்டு கிடந்தது. வேலமரத்தடியில் இலை போட்டுக் கோழியை வைத்தார். மரம் நிறையக் காக்கை, ஒன்றும் கத்தவில்லை, ஒன்றும் இறங்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டியதுதான் பாக்கி. அவர் வரவில்லை. இலைக்கு நேராகத் திரும்பி நின்றுகொண்டு, வகுப்பில் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"நான் வாய் வச்சுட்டேன். தப்பு என்னோடது. எடுக்கிறதை எங்கிட்ட எடுத்துக்க. அவளை விடு."

காற்று கொஞ்சமும் இல்லை. கோழியிலிருந்து ஆவி நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் சொல்லி முடித்ததும் அது வளைந்து அவர் முகத்துப் பக்கமாக வந்தது. வாயருகே வந்து கொஞ்ச நேரம் நின்றது. என் கண்ணால் பார்த்தேன். வெயிலில் கண் இருட்டியிருக்கும் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம், நானே எனக்குப் பலமுறை அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

நாங்கள் வீடு சேருமுன் பெண்பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிழைத்துக்கொண்டாள். யாரோ அவர் வாயில் கருப்பட்டியைத் திணித்தார்கள். மென்றுவிட்டு என் காதோரம், "மண்ணு மாதிரி இருக்கு வேலு" என்றார். அன்றிலிருந்து அவருக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு எதுவும் தெரியவில்லை. கமலத்துக்குத் தெரியாமல் போய்க் காட்டியபோது மதுரை டாக்டர் நரம்புக் கோளாறு என்றார். அவர் அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை.

துக்க வீட்டில் கமலம் என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். உடம்பில் நீர் கோத்து வீங்கியதால் கடைசி ஒரு மாதமாக ரங்கசாமிக்கு உப்பில்லாக் கஞ்சிதான்.

"நேத்து மத்தியானம் ஒரு வாய்தான் குடிச்சாக அண்ணே. நாக்கைச் சப்புக்கொட்டிட்டு, 'கோழிச்சாறு, உப்பு சரியா இருக்கு'ன்னாக. நம்ம வீட்டுல ஏது கோழி? அதோட கண்ணை மூடிட்டாக."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மடியில் பள்ளிக்கூடம் சேரும் வயதில் மகள். கமலம் அழாமல் கேட்டாள். பிறகு, "இத்தனை வருசமும் என் சமையலை நல்லாருக்குன்னுதானே அண்ணே சொன்னாக" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

முனி இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உச்சிவெயிலில் அதன் முகத்துக்கு நேரே நின்று "அவளை விடு" என்று சொன்ன குரல் என்னிடம் இருக்கிறது. நான் போகும்வரை அதை வைத்திருப்பேன்.