வளைவில் உரசிய டயர்

மரக்காணம் உப்பளத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வர, உப்பு ஏற்றிய பிக்கப்பில் இடம் கேட்டு ஏறினேன். ஓட்டியது ஒரு பெண். வெயிலில் கறுத்த முகம், சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முன் டயரைப் பார்த்தார்.

“என்னக்கா பாக்குறீங்க?”

“டயரு மட்கார்டுல உரசுதுங்க. ஒரு சைஸ் பெருசு போதும்னு கடைக்காரரு சொன்னாரு. போன மழையில சேத்துல மாட்டிக்கிட்ட பயம் எனக்கு. ரெண்டு சைஸ் பெருசா கேட்டு வாங்கிட்டேன்.”

அடுத்த வளைவில் டயர் மட்கார்டில் சிக்கி, ஸ்டியரிங் பாதியிலேயே நின்றுவிட்டது. வண்டி நேராகப் பாதையோரக் கால்வாயை நோக்கிப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் பிடித்து நின்றபோது என் பக்கத்துச் சக்கரம் கரையின் விளிம்பில் இருந்தது. கீழே தண்ணீர்.

“அசையாதீங்க” என்றார். மெல்லப் பின்னால் எடுத்தார். இறங்கிய எனக்கு மறுபடி ஏற மனம் வரவில்லை.

“பரவால்லங்க, நடந்தே வாங்க.”

கேலி செய்யவில்லை. வளைவுகளில் முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பி, என் நடைக்கு ஏற்ப வண்டியை ஓட்டிவந்தார். மெயின் ரோட்டில் அவர் வண்டியிலிருந்து இறங்கியபோதுதான் பார்த்தேன், கால்கள் நடுங்கின; நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார். அந்த நடுக்கத்தோடு எப்படி ஓட்டினார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.