ரோனா வீட்டு ஜன்னல்

சாண்டி அதை வேடிக்கையாகத்தான் சொன்னான். மார்ச்மாண்ட் பகுதியில் வாடிக்கையாளர் ஒருவரின் மூன்றாம் மாடி வீட்டு முன்னறையில், கழற்றிய ஜன்னல் சட்டத்தை மேசைமேல் கிடத்திவிட்டு, அவனும் ரோனாவும் காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருச்சு ரோனா. என்னைய உருக்கினா தூண்டிலுக்கு நாலு ஈயக்குண்டு தேறுமாம்."

"வெளையாடாத."

"நெசமாத்தான். கொஞ்ச நாளைக்குப் பெயிண்ட் சுரண்டுற வேலையே வேணாம்னுட்டாங்க. இனிமே நான் கயிறு மாட்டுறேன், நீ சுரண்டு. உனக்கும் இதே கதைன்னு வச்சுக்கோ, கடைய மூடிட்டு ரெண்டு பேருமா மீன் பிடிக்கப் போயிருவோம்."

ரோனா சிரித்தாள். சிரித்தபடியே கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள். கை கழுவித்தான் இருந்தாள். ஆனாலும் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. கண்ணாடியைப் பதிக்க வைக்கிற பட்டிப்பசையா, பழைய பெயிண்டா என்று தெரியவில்லை. பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். தன்னைப் பற்றி அவளுக்குக் கவலை வரவில்லை. எஃபியின் முகம்தான் கண்முன் வந்து நின்றது.

எஃபி அவளுடைய மகள். மூன்று வயது இன்னும் ஆகவில்லை. வசந்தம் பிறந்ததிலிருந்தே பிள்ளை சரியாக இல்லை. ஓட்ஸ் கஞ்சியை இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். ஒன்றுமில்லாததற்குக் கீழே விழுந்து புரண்டு அழுவாள். அவள் வயதுக் குழந்தைகள் வாய் ஓயாமல் பேசுகிறபோது இவள் நாலைந்து வார்த்தைகளோடு நிறுத்திக்கொண்டாள். "பல்லு வருது, அதான். கோவம் மட்டும் உன்ன மாதிரி," என்று டங்கன் சொல்லியிருந்தான். அவன் பஸ் ஓட்டுகிறவன். எதையும் சாவகாசமாக எடுத்துக்கொள்வான். ரோனாவும் பல்தான் என்று நம்பிக்கொண்டாள்.

ரோனா மரவேலை படித்தவள். முதலில் சமையலறை அலமாரி மாட்டும் கம்பெனி ஒன்றில் இருந்தாள். எல்லாம் ஒட்டுப்பலகை, எல்லாம் ஒரே அளவு. அலுத்துப்போய் சாண்டியோடு கூட்டுச் சேர்ந்தாள். அன்றிலிருந்து ஊரிலுள்ள பழைய கல்வீட்டு ஜன்னல்கள்தான் பிழைப்பு. மேலும் கீழுமாக ஏறி இறங்கும் அந்த ஜன்னல்களில் கயிறு அறுந்தால் கண்ணாடிச் சட்டம் கத்திபோல விழும். பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து ஒட்டிக்கொண்டால் குத்துச்சண்டைக்காரனாலும் திறக்க முடியாது. ரோனா பக்கவாட்டுப் பலகையைப் பெயர்த்து, சட்டத்தைத் தாங்க உள்ளே கயிற்றில் ஒளிந்து தொங்கும் இரும்பு எடைக்கட்டிகளை வெளியே எடுத்து, கப்பிக்கு எண்ணெய் விட்டு, புதுக் கயிறு கோத்து, உளுத்த கட்டையை வெட்டிப் புதுக்கட்டை பொருத்திக் கொடுப்பாள். முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒற்றை விரலால் ஜன்னலைத் தூக்கிக் காட்டுவாள். அந்த நேரத்தில் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

பழைய பெயிண்ட்டில் ஈயம் உண்டு என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ரோனா அடுத்தவர் வீட்டில் மகா கண்டிப்பானவள். தரை முழுக்க பிளாஸ்டிக் விரிப்பாள், நனைத்துத்தான் தேய்ப்பாள், முகமூடி இல்லாமல் சுரண்டியைத் தொடமாட்டாள். மாசமாக இருந்த ஒரு பெண்ணை, "வேலை முடியிற வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க" என்று அவள் அம்மா வீட்டுக்கே அனுப்பி வைத்திருக்கிறாள்.

ஆனால் சாயங்காலம் குழந்தைக் காப்பகத்திலிருந்து எஃபியைக் கூட்டிவரும்போது, வேலைக்குப் போட்ட அதே நீலக் கம்பளிச் சட்டைதான் உடம்பில் இருக்கும். பிள்ளை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். வேனில் இருக்கையில் வைத்து வாரைப் பூட்டியதும், குளிருகிறது என்று அந்தச் சட்டையையே போர்த்திவிடுவாள். எஃபி அதன் காலரைச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவாள். இதெல்லாம் ஒவ்வொன்றாக ரோனாவுக்கு நினைவு வந்தது. தேநீர்க் கோப்பையை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் சாண்டி.

"டாக்டரப் பாக்க. சட்டத்த நீ தொடாத, துணி போட்டு மூடி வை."

"ஏய், உனக்கும்னு நான் சும்மா சொன்னேன்டி..."

அவள் படியிறங்கி ஓடிவிட்டாள்.

டாக்டர் கில்கிறிஸ்ட் நிதானமான பெண். மறுநாளே எஃபியைக் கொண்டுவரச் சொன்னார். ஊசி குத்தியபோது எஃபி ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். ரோனா அவளை இறுக்கிப் பிடித்திருந்தாள், வேறொரு சட்டையில்.

"முடிவு வர ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள நீங்களா எதையாவது நெனச்சு மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க," என்றார் டாக்டர்.

அந்த ஒரு வாரம் ரோனா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வேலைச் சட்டைகளை எல்லாம் பையில் கட்டிக் குப்பையில் போட்டாள். வேன் இருக்கையின் உறையைக் கிழித்து எடுத்தாள். லீத் பகுதியில் இருக்கும் தங்கள் இரண்டாம் மாடி வீட்டை ஈரத்துணியால் துடைத்தாள், காய்ந்ததும் மறுபடி துடைத்தாள். எஃபி ஒரு பொம்மையை எடுத்தால் பின்னாலேயே போய் அதைப் பிடுங்கிக் கழுவினாள். எஃபி தூங்கினால், ஏன் இவ்வளவு நேரம் தூங்குகிறாள் என்று பயம். விழித்திருந்தால், ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று பயம். ஈயம் குழந்தையின் மூளையை என்ன செய்யும் என்று அவள் எப்போதோ படித்தது வரி வரியாக மனதில் ஓடியது.

டங்கன் முதலில் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஒருநாள் ராத்திரி, வேலை முடிந்து வந்தவன், வீடு முழுக்க நாற்காலிகள் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து வெடித்துவிட்டான்.

"ஊரான் புள்ளைக்கெல்லாம் விரிப்பு விரிக்கத் தெரியுது. சொந்தப் புள்ளையத் தூக்குறதுக்கு முந்தி ஒரு சட்டைய மாத்தத் தெரியலையா?"

"எனக்குத் தெரியாதுன்னா சொன்னேன்? இத்தன நாளா நானும் என் தப்புன்னுதான் சொல்லிட்டிருக்கேன்!"

"அப்ப ஏன் செஞ்ச?"

"நேரத்துக்குக் கூப்பிடப் போகலன்னா காப்பகத்துல மூஞ்சத் தூக்குறாங்க. நீ ஒருநாளாவது போய்க் கூட்டிட்டு வந்திருக்கியா? பஸ்ஸக் கட்டிக்கிட்டே அழு."

எஃபி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படுக்கையறைக்குள் போய்விட்டாள். டங்கன் நாற்காலிகளை நிமிர்த்தி வைத்தான். ரோனா சமையலறையில் போய் நின்றுகொண்டாள்.

முடிவை டாக்டர் தொலைபேசியில் சொன்னார். "இருக்கக்கூடாத அளவுக்கு இருக்கு ரோனா. ஆனா ஆஸ்பத்திரியில சேர்த்து மருந்து ஏத்துற அளவுக்கு இல்ல. கேக்குறீங்களா? ரத்தத்துல இரும்புச்சத்தும் கம்மி. அந்தக் குறையிருந்தா பிள்ளைங்க கண்டதையும் வாயில வைக்கும். சொட்டு மருந்து எழுதித் தரேன். முக்கியமா, ஈயம் எங்கேயிருந்து போகுதுன்னு கண்டுபிடிச்சு அத நிறுத்தணும்."

"என் சட்டைதான் டாக்டர். என் சட்டைலேர்ந்துதான்."

"இருக்கலாம். அது ஒண்ணுதான்னு எடுத்துக்காதீங்க. உங்க வீடும் பழைய வீடுதானே? அவ அதிக நேரம் எங்க நிக்கிறா, எதக் கடிக்கிறா, பாத்துச் சொல்லுங்க."

ரோனா தொலைபேசியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். படுக்கையறையிலிருந்து எஃபியின் குரல் வந்தது. "அப்பா பஸ். அப்பா பஸ்." அவளிடமிருந்த நாலைந்து வார்த்தைகளில் இரண்டு அவை. டங்கன் ஓட்டும் பஸ் அந்தத் தெருவழியாகத்தான் போகும். ஜன்னலில் நின்று கையாட்டினால் அப்பா விளக்கைச் சிமிட்டுவார் என்று அவன்தான் பழக்கி வைத்திருந்தான். ஒரு பஸ் போனால் அடுத்து எந்த பஸ் வந்தாலும் அப்பா பஸ்தான். பிள்ளை அந்த இடத்தை விட்டு நகராது. பிள்ளை ஓரிடத்தில் சமர்த்தாக நிற்கிறதே என்று ரோனா சந்தோஷப்பட்டதுண்டு.

உள்ளே போனாள். எஃபி ஸ்டூலின் மேல் நின்று, கண்ணாடிச் சட்டத்தின் கீழ்க்கட்டையில் வாயை வைத்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோனா அவளைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, அந்த உயரத்துக்குக் குனிந்து பார்த்தாள். கட்டையின் விளிம்பில் சின்னச் சின்னப் பல்தடங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பெயிண்ட் அடுக்குகள் உரிந்து, அடியில் மஞ்சளேறிய பழைய வெள்ளை தெரிந்தது. சட்டம் ஏறி இறங்கும் பள்ளத்தில், உரசி உரசி உதிர்ந்த தூள் மாவுபோலக் கிடந்தது. இந்த ஜன்னல் சிக்குகிறது என்று வீட்டுக்கு வந்த வருஷமே டங்கன் சொல்லியிருந்தான். நம் வீடுதானே, ஒழிந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்று அவள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

டங்கன் வந்ததும் கூட்டிப்போய்க் காட்டினாள். அவன் குனிந்து அந்தப் பல்தடங்களை விரலால் தடவப் போனான். "தொடாத," என்றாள். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "நாந்தான அங்க நிக்கவச்சேன்," என்றான்.

"சரி செய்யாம விட்டது நான்."

"உன்ன அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக்கூடாது."

"பேசினது தப்பில்ல. சட்டையும்தான் காரணமா இருக்கும். எது எவ்வளவுன்னு யாரு கண்டா?"

அன்றைக்கே எஃபியைத் தூக்கிக்கொண்டு டங்கன் பக்கத்து ஊரான மஸ்ஸல்பரோவிலுள்ள தன் அக்கா வீட்டுக்குப் போனான். ரோனா படுக்கையறையைக் காலிசெய்து விரிப்பு விரித்தாள். எத்தனையோ வீடுகளில் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை, இங்கே ஓடவில்லை. சுரண்டியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். விரிப்பின் ஓரம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள், திரும்பிவந்து மறுபடி பார்த்தாள். சாண்டி வாசலில் வந்து நின்றான்.

"உன்ன யாரு வரச் சொன்னா? உனக்குப் பெயிண்ட் பக்கமே ஆகாது."

"சுரண்ட வரலம்மா. சட்டத்தத் தூக்க ஆள் வேணாமா? முழுசாக் கழட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோயிருவோம். வீட்டுல ஒரு துகளு விழக்கூடாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "அன்னிக்கு ஈயக்குண்டுன்னு வெளையாட்டாப் பேசினேன். மனசுல வச்சுக்காத."

"நீ பேசாம இருந்திருந்தா நான் இன்னும் பல்லுன்னுதான் நெனச்சிருப்பேன் சாண்டி."

இருவருமாகத் தடுப்புப் பட்டைகளைப் பெயர்த்து, கயிற்றை வெட்டி, இரண்டு சட்டங்களையும் பிளாஸ்டிக்கில் சுற்றி இறக்கினார்கள். ஓட்டையைப் பலகையால் அடைத்தார்கள். பட்டறையில் பல்தடம் பட்ட கட்டையை ரோனா வெட்டியெறிந்துவிட்டுப் புதுமரம் பொருத்தினாள். வீட்டில் ஜன்னல் பள்ளங்களை மரம் தெரிகிறவரை நனைத்துச் சுரண்டி எடுத்தாள். புதுக் கயிற்றை எடையில் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினாள். சாண்டி எடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலை முடிந்து ஜன்னல் ஒற்றை விரலுக்கே ஏறியது. அவள் அதை ரசிக்கவில்லை. பள்ளத்தை வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பரிசோதனையில் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் நன்றாகவே இறங்கியது. எஃபி கஞ்சிக் கிண்ணத்தைக் காலிசெய்ய ஆரம்பித்தாள். ஆனால் ரோனா கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் டாக்டர் உறுதியாகப் பதில் சொல்லவில்லை.

"பாதிப்பு ஒண்ணும் இருக்காதுதானே?"

"இப்போதைக்கு எதுவும் தெரியல. பெரும்பாலான பிள்ளைங்க நல்லா வந்துருவாங்க. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால முடியாது ரோனா."

அந்தச் சத்தியம் கிடைக்காமலே ரோனா வாழப் பழகினாள். இப்போதும் அவள் ஜன்னல் வேலைதான் பார்க்கிறாள். பட்டறையிலேயே குளித்து, உடை மாற்றி, வேறு செருப்பு போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். பிள்ளையைக் கூட்டிவருவது டங்கனின் பொறுப்பு. அதற்காக அவன் காலை முறைக்கு மாறிக்கொண்டான். எஃபி வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறாள். முதல் பெற்றோர் கூட்டத்தில் ரோனா ஆசிரியையிடம், "பேசுறாளா? சொன்னது புரியுதா?" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டாள்.

ஆசிரியை சிரித்துவிட்டார். "பேசுறாளாவா? வாய மூட வைக்கிறதுதான் என் வேலையே."

டங்கன் வெளியே வந்து, "இப்பத் திருப்தியா?" என்றான். ரோனா ஆமென்று தலையாட்டினாள். அடுத்த வாரமே டாக்டர் கில்கிறிஸ்டிடம் போய், இன்னும் ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவசியமே இல்லை என்றார் டாக்டர். ரோனா நாற்காலியை விட்டு எழவில்லை. டாக்டர் நாட்குறிப்பைத் திறந்து, "சரி, கூட்டிட்டு வாங்க," என்றார்.