முதல் வாய் விழுங்கக் கண்டேன்

மீட்டர்காரர் முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் வீடுகளுக்குள் போய்வந்தவர். எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கதவு திறக்கும். மாடிப்படிக்கு அடியில் டார்ச் அடித்து மின்சார மீட்டரைப் பார்ப்பார். எண்ணைக் குறித்துக்கொள்வார், கிளம்பிவிடுவார். யாராவது காபி குடிக்கச் சொன்னால், "வீட்ல சாப்ட்டுத்தான் வந்தேன்" என்பார். அது சத்தியம். அவர் வீட்டில் சாப்பிடாமல் வாசலைத் தாண்டுவது நடக்காத காரியம்.

அவருடைய வீட்டம்மாவைச் சமையலில் கெட்டிக்காரி என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். தெருவில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவரைக் கூப்பிட்டு ஒரு தடவை ருசி பார்க்கச் சொல்வார்கள். அவர் நாக்கு நுனியில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டால், அந்த வீட்டுக்காரர்கள் அன்று முழுக்க நொந்துகொண்டிருப்பார்கள். சொந்த வீட்டில் அவர் பரிமாறிவிட்டு நகரமாட்டார். தட்டுக்கு எதிரே நின்று, முதல் வாய் உள்ளே போகும்போது கணவரின் முகத்தைப் படிப்பார்.

"உப்பு எப்படி?"

"சரியா இருக்கு."

"சரியா இருக்கா, நல்லா இருக்கா?"

இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கல்யாணமான மூன்றாம் வருடம் கண்டுபிடித்த மீட்டர்காரர், அன்றிலிருந்து முகத்தையும் பழக்கிவைத்திருந்தார். வேலையில் இருந்தவரை மதியச் சாப்பாடு மட்டும் டப்பாவில் போனது. அந்த ஒரு வேளை முகத்துக்கு ஓய்வு. பணி ஓய்வு பெற்றதும் அந்த ஓய்வு போயிற்று. மூன்று வேளையும் முகம் டியூட்டி பார்த்தது. நாலு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, அவர் முதியவர்களுக்கு இலவச மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் சேவையில் சேர்ந்தார். சாப்பாட்டுக்குப் பயந்து ஒருவர் சாப்பாட்டுச் சேவையில் சேர்ந்தார் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் அவர் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. ஊர் அவரைப் பெரிய மனசுக்காரர் என்றது.

சேவை நடந்த இடம் மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தின் பின்கட்டு. காலை பத்தரைக்குப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். மூன்று அறை போட்ட தகரப் பெட்டி: ஒன்றில் சோறு, ஒன்றில் பருப்பு, ஒன்றில் வெந்த காய், மேலே ஒரு அவித்த முட்டை. ஒவ்வொரு மூடியிலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். பெயர் இல்லாத பெட்டி கிடையாது. பெட்டியோடு ஓர் அட்டை. அதில் மூன்று கட்டங்கள். பெட்டி கொடுத்தேன். திறக்கக் கண்டேன். முதல் வாய் விழுங்கக் கண்டேன். மூன்றிலும் டிக் அடித்தால்தான் கொடுத்ததாகக் கணக்கு.

இந்த விதி பிறக்கக் காரணமானவர் மீட்டர்காரருக்கு ஒதுக்கிய ஒன்பது வீடுகளில் கடைசி வீட்டில் இருந்தார். எழுபத்தெட்டு வயதுக் கணக்கு டீச்சர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடி. தூர தேசத்தில் இருக்கும் அண்ணன் மகன் போனிலேயே அவர் பெயரைப் பதிந்துவிட்டான். டீச்சர் மரியாதையாகப் பெட்டிகளை வாங்கி, தேதி வாரியாக ஃபிரிஜ்ஜில் அடுக்கிவைத்தார். பதினோராவது பெட்டிக்கு இடம் போதாமல் கதவு மூடாமல் போனபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அதுவரை அவர் டீயும் ரஸ்க்குமாகக் காலம் தள்ளியிருந்தார்.

மீட்டர்காரர் முதல் நாள் நாலு மாடி ஏறி, மூச்சிரைக்கப் பெட்டியை நீட்டினார்.

"எனக்குப் பசிக்கல, தம்பி. பசிக்கிறவங்களுக்குக் குடுங்க."

"நீங்க ஒரு வாய் சாப்டறதப் பாத்துட்டுப் போறேன், டீச்சர். விதி."

"நாப்பது வருஷம் பிள்ளைங்க எழுதறத நின்னு பாத்தவ நான். என்னை ஒருத்தர் நின்னு பாக்கறதா?"

இரண்டு வாரம் இதே பாட்டு. மீட்டர்காரரின் அட்டையில் மூன்றாவது கட்டம் வெறிச்சோடிக் கிடந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் டீச்சர் எதிர்க் கேள்வி கேட்டார்: "நீங்க சாப்ட்டாச்சா?"

மணி ஒன்று பத்து. "இன்னும் இல்ல."

"ஏன்?"

வீட்டில் போய்ச் சாப்பிடுவேன் என்று சொல்லியிருக்கலாம். முப்பத்திரண்டு வருடம் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லியே பழகிய நாக்கு அன்று மட்டும் லீவு எடுத்துக்கொண்டது. "வீட்ல சமைக்க யாரும் இல்ல."

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "தனி ஆளா?"

"வீட்டம்மா இருக்காங்க. சமைக்கிறதில்ல."

"வேலைக்குப் போறாங்களா?"

"இல்ல."

"அப்ப என்னதான் பண்றாங்க?"

டீச்சர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் பெட்டியைத் திறந்தார். இரண்டு தட்டு எடுத்தார். சோற்றின் நடுவே கரண்டியால் கோடு கிழித்தார். தையல் நூலை முட்டையைச் சுற்றிப் போட்டு இழுத்து, மஞ்சள் சிந்தாமல் சரிபாதியாக அறுத்தார். "உக்காருங்க" என்றார். மீட்டர்காரர் சாப்பிட ஆரம்பித்த பிறகு, தானும் ஒரு வாய் எடுத்து விழுங்கினார்.

மூன்றாவது கட்டத்தில் டிக் விழுந்தது. டீச்சரைப் பிடிக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று மீட்டர்காரர் நினைத்தார். கிடைத்தது, ஆனால் பிடிபட்டவர் அவர்தான்.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சாப்பாடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. உப்பில்லாத பருப்பு, குழைந்த சோறு, நிறம் போன காய். அதை விழுங்கும்போது எதிரில் யாரும் அவர் முகத்தைப் படிக்கவில்லை. உப்பு எப்படி என்று கேட்கவில்லை. ஆனால் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனால் அங்கே முழுத் தட்டு காத்திருக்கும்.

"என்னங்க, கோழி மாதிரி கொத்திக்கிட்டு இருக்கீங்க?"

"வெயில்."

"நேத்தும் வெயிலா?"

"நேத்தும் வெயில்தானே."

வீட்டம்மா அதை முதலில் அவமானமாக எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வகை சேர்த்தார். பிறகு வியாதியாக எடுத்துக்கொண்டு, எண்ணெயைக் குறைத்து, எதையோ அரைத்துக் கலக்கிக் கொடுத்தார். மீட்டர்காரர் இரண்டு கட்சியின் சாப்பாட்டையும் சுமந்துகொண்டு, பெல்ட்டைத் தளர்த்தி ஒரு புதிய ஓட்டை போட்டார்.

அதுவாவது அவர் வயிற்றோடு போயிருக்கும். டீச்சரின் கணக்குதான் விபரீதமாகப் போயிற்று. சைக்கிள் மிதிக்கிற மனுஷன், மாடி ஏறுகிற மனுஷன் என்று, அவர் சோற்றில் கிழிக்கும் கோட்டை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தன் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். அவர் பங்கு பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாயிற்று. அப்புறம் நாலில் ஒன்று. முட்டை முழுதாக மீட்டர்காரர் தட்டுக்கு வந்தது. வேண்டாம் என்று கையை நீட்டினால், டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். "அப்ப எனக்கும் வேணாம்."

மாதம் ஒரு முறை சேவையின் பொறுப்பாளர் அம்மா எடை பார்க்கும் கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார். டீச்சர் முதல் மாதம் நாற்பத்தொரு கிலோ. அடுத்து நாற்பது. மூன்றாம் மாதம் முப்பத்தெட்டரை.

"மூணு கட்டத்துலயும் டிக் இருக்கு. எடை மட்டும் இறங்குது. எப்படி சார்?" என்று படியிறங்கும்போது கேட்டார் பொறுப்பாளர்.

"வயசு..."

"முப்பத்தெட்டுக்குக் கீழ போனா எங்க கையில ஒண்ணும் இல்ல. காப்பகத்துக்கு எழுதிருவேன். அங்க படுக்க வெச்சு ஸ்பூனால ஊட்டுவாங்க. அடுத்த மாசம் பாக்கலாம்."

அன்றிலிருந்து மீட்டர்காரருக்கு வீட்டுச் சாப்பாடும் இறங்கவில்லை, வெளிச் சாப்பாடும் இறங்கவில்லை. சாப்பிட்டால் டீச்சரின் பங்கைத் தின்கிறார். சாப்பிடாவிட்டால் டீச்சர் சாப்பிடமாட்டார். உண்மையைச் சொன்னால் பெட்டி திரும்பவும் ஃபிரிஜ்ஜுக்குப் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முப்பத்தெட்டு என்ற எண் வாசலை மறித்து நின்றது. வாழ்நாள் முழுக்க எண்கள் ஏறுவதைக் குறித்துக்கொண்டிருந்தவர், ஓர் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தார்.

ஒரு நாள் டீச்சர் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். "உங்க ஆபீஸ்ல குடுத்துருங்க, தம்பி." அண்ணன் மகன் விஷயமாக இருக்கும் என்று அவரும் கொண்டுபோய்க் கொடுத்தார். பொறுப்பாளர் அதைப் பிரித்து, அவருக்கு முன்னாலேயே வாசித்தார். தங்கள் ஊழியர் பட்டினியாக வேலை பார்க்கிறார். கடந்த மூன்று மாதமாக அவருக்கு உணவளித்து வருகிறேன். ஒரு பெட்டி இருவருக்குப் போதவில்லை. பசிப்பிணி போக்கும் நிறுவனம் தன் ஊழியரின் பசியைக் காணாதிருப்பது முறையன்று. கையெழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது.

"ஏன் சார், முதல்லயே சொல்லக் கூடாதா?" பொறுப்பாளர் விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "எங்ககிட்ட என்ன வெக்கம்?"

இல்லை என்று சொல்ல மீட்டர்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு கணக்கு வந்து நின்றது. தன் பெயரில் ஒரு பெட்டி வந்தால், டீச்சரின் பெட்டி முழுதாக டீச்சருக்கு. வாயை மூடிக்கொண்டார். விண்ணப்பத்தை நிரப்பினார். காரணம் என்ற இடத்தில், 'வீட்டில் சமைப்பவர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாக்கு சொன்ன பொய்யைக் காற்றில் விடலாம். கையெழுத்துப் போட்டதை எங்கே விடுவது?

"வியாழக்கிழமை வீட்டுக்கு வர்றேன். சமையலறையப் பாக்கணும். விதி" என்றார் பொறுப்பாளர்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கையில் மீட்டர்காரர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வீட்டம்மா கத்தியை நிறுத்தவில்லை. முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

"அந்தச் சாப்பாடு நல்லா இருக்கா?"

"உப்பு கம்மி."

"நான் அதக் கேக்கல."

"நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது." கொஞ்சம் யோசித்தார். "நிம்மதியா இருக்கு."

கத்தி நின்றது. வீட்டம்மா பாதி நறுக்கிய பீன்ஸை அப்படியே தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். சமையலறை வாசலில் திரும்பி, "அந்தம்மா என்ன எடைன்னீங்க?" என்றார்.

"முப்பத்தெட்டரை."

மறுநாள் காலை வழக்கம்போல நாலு அடுப்பும் எரிந்தன. வெங்காயம் வதங்கும் வாசனை தெருக்கோடிவரை போயிற்று. மீட்டர்காரர் முன்னறையில், தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் மணி அடித்ததும், உள்ளே நாலு அடுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக அணையும் சத்தம் கேட்டது. வீட்டம்மா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, கையைத் துடைத்தபடி வந்தார்.

"நீங்கதான் வீட்டம்மாவா?" பொறுப்பாளர் பைலைப் பிரித்தார். "சமைக்கிறதில்லன்னு எழுதியிருக்கார். உடம்புக்கு ஏதாச்சும்..."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

வீட்டம்மா கணவரைப் பார்க்கவில்லை. "பிடிக்கல. முப்பத்தஞ்சு வருஷம் சமைச்சாச்சு. போதும்."

பொறுப்பாளர் எதையோ எழுதினார். எழுதும்போதே மூக்கு தானாக உயர்ந்தது. "இந்த வாசனை?"

"பக்கத்து வீடு."

பொறுப்பாளர் பேனாவை மூடிவிட்டு, கண்ணையும் மூடி, இன்னொரு முறை இழுத்து முகர்ந்தார். அவர் தினமும் இருநூறு பேர் சாப்பாட்டில் நின்று வேகிறவர். வாசனை என்றாலே அலுத்தவர். "என் வாழ்நாள்ல இப்படி ஒரு வாசனை பாத்ததில்லம்மா. குடுத்து வெச்ச குடும்பம் அது."

வீட்டம்மாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. அதை வாங்கிக்கொள்ள வழியில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏதோ பண்ணுவாங்க" என்றார்.

சமையலறையைப் பார்க்க வேண்டும் என்ற விதியைப் பொறுப்பாளர் ஏனோ மறந்துவிட்டார். அல்லது மறக்காமல் விட்டுவிட்டார். அவர் போனதும் மீட்டர்காரர் வீட்டம்மாவின் பக்கம் வந்தார்.

"எனக்காக நீ போய் இப்படி..."

"உங்களுக்காகன்னு யார் சொன்னா? வாய்விட்டுச் சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது, பிடிக்கலன்னு." வீட்டம்மா ஜன்னலைத் திறந்து வாசனையை வெளியே அனுப்பினார். "நாளையிலேர்ந்து மதியம் அடுப்பு கிடையாது. நீங்க அந்த நிம்மதியவே சாப்டுங்க."

அவர் சொன்னால் சொன்னதுதான். வெள்ளிக்கிழமை காலையிலேயே வீட்டில் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. வீட்டம்மா தங்கை வீட்டுக்குப் போய்விட்டார், எப்போது திரும்புவார் என்று சீட்டுகூட இல்லை. மீட்டர்காரர் காலையில் குடித்த காபியோடு எட்டு வீட்டுக்குப் பெட்டி கொடுத்துவிட்டு, டீச்சர் பெயரிலும் தன் பெயரிலும் இருந்த மீதி இரண்டோடு நாலு மாடி ஏறினார். மூன்றாம் மாடியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அறுபத்தொரு வயதில் அவருக்கு முதல்முறையாகப் பசித்தது.

மாதக் கடைசியில் டீச்சர் முப்பத்தொன்பதே கால் இருந்தார். பொறுப்பாளர் கருவியை மடித்துக்கொண்டு, இதே ஏற்பாடு தொடரட்டும் என்றார். எத்தனை நாளைக்கு என்று மீட்டர்காரர் கேட்டார். "டீச்சர் இருக்கிறவரைக்கும்" என்றார் அவர், சந்தோஷமாக.

அன்று டீச்சர் தன் பெட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"வீட்ல இன்னும் சமைக்க ஆரம்பிக்கலையா, தம்பி?"

"இல்ல டீச்சர்." சொன்ன பிறகுதான் அதில் பொய்யே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

"பாவம். மெதுவா சாப்டுங்க. நான் எங்கயும் போகல." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவர் மீட்டர்காரரின் முகத்தை உற்றுப் பார்த்தார். "உப்பு சரியா இருக்கா?"