என் வீட்டுக்காரர் திருந்திய கதை

எங்கள் சபையில், கர்த்தர் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கஷ்டம், அப்புறம் கண்ணீர், அப்புறம் ஜெபம், கடைசியில் ஜெயம். ஜெயம் கிடைக்காதவர்கள் மைக்கைத் தொடக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் பாதிக் கஷ்டத்தில் எழுந்து நின்ற பெண்களிடம், "கர்த்தர் முடிச்சுக் குடுப்பாரு, அப்ப சொல்லலாம் சிஸ்டர்" என்று பாஸ்டரம்மா மைக்கைப் பக்குவமாக வாங்கிக்கொள்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதனால் இருபத்திரண்டு வருடம் நான் எழுந்திருக்கவே இல்லை.

சபை என்றதும் கோபுரமும் மணியும் உள்ள கட்டடத்தை நினைக்க வேண்டாம். பனியன் கம்பெனி காலி செய்துவிட்டுப் போன ஒரு மாடி அது. மேலே தகரம், கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆண்கள் பக்கம் பாதி காலியாகக் கிடக்கும். பெண்கள் பக்கம் உட்கார இடம் இருக்காது. எல்லோரும் தென் மாவட்டங்களிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். டெய்லர், பேக்கிங், செக்கிங் என்று வாரம் முழுக்க நின்றும் குனிந்தும் வேலை செய்கிறவர்கள். நான் செக்கிங். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவளிடம் வந்து நல்லதை மட்டும் பார் என்றால் எப்படி?

என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். ஒரு இஞ்ச் துணி வீணாகாது என்று கம்பெனியில் பெயர் வாங்கியவர். வீட்டில் அந்தக் கை சும்மா இருக்காது. குடித்த நாளில் குடித்ததால் அடிப்பார், குடிக்காத நாளில் குடிக்கவில்லையே என்ற எரிச்சலில் அடிப்பார். மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தும் விட்டேன். எப்படித்தான் தெரிந்ததோ, பாஸ்டரம்மா இரண்டு சிஸ்டர்களோடு பஸ்ஸுக்குள் ஏறினார். அத்தனை பேர் பார்க்க என் தலையில் கை வைத்து ஜெபித்தார். "குடும்பத்த ஒடைக்கிறது பிசாசோட வேலை சிஸ்டர். நீங்க பொறுத்துப் பாருங்க, அவரு மாறுவாரு" என்று சொல்லி என் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பை போன பின்னால் நானும் போனேன். அந்தப் பையை அவர் கையிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

சபை என்னைத் தாங்கவில்லை என்று சொன்னால் அது பொய். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது பதினோரு நாள் முறை வைத்து வந்து சமைத்துப் போட்டவர்கள் அந்தப் பெண்கள்தான். பாஸ்டரம்மா என் உள்பாவாடையைக்கூட அலசிக் காயப்போட்டார். என் கூடப் பிறந்தவர்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெப நேரத்தில் எல்லோரும் சத்தம் போட்டு அழுவார்கள், நானும் அழுவேன், ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த இரண்டு மணி நேரம் இல்லையென்றால் நான் மருந்தைக் குடித்துச் செத்திருப்பேன். அழுது முடித்துத் தெம்பாகி, அடுத்த ஞாயிறு வரை அடி வாங்குவதற்கு வீட்டுக்குப் போவேன். கோபமே அதில்தான். வெறும் கெட்டவர்களாக இருந்திருந்தால் என்றைக்கோ உதறிவிட்டுப் போயிருப்பேன்.

மகளைக் கட்டிக் கொடுத்த பின்னால், போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. மூளையில் அடைப்பு வந்தவர்களுக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அப்படியே வந்தது. டிவியில் சோப்பு விளம்பரம் ஓடினாலும் அழுதார். பாஸ்டரம்மா வந்து ஜெபித்தபோதும் அழுதார். சோப்பு விளம்பரத்துக்கு அழுததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிங் மாஸ்டர் மனம் திரும்பிவிட்டார் என்று ஒரே வாரத்தில் சபை முழுக்கப் பேச்சாகிவிட்டது.

எங்கள் ஹவுஸ் ஓனரம்மாவுக்கு எங்கள் சாமியும் தெரியாது, சாட்சியும் தெரியாது. அவர் ஒரு நாள் காம்பவுண்டில் என்னை நிறுத்தினார். "ஏனுங்க அக்கா, உங்கூட்டுக்காரரு திருந்திட்டாராமா? நேத்து கிண்ணம் உருண்ட சத்தம் எங்கூடு வரைக்கும் கேட்டுச்சுங்களே." இடது கையால் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்ட சத்தம் அது. வாய் குழறினாலும் கெட்ட வார்த்தை மட்டும் அவருக்குத் தெளிவாக வரும்.

இந்த நிலைமையில்தான் சபைக்கு ஒரு பெண் வந்தாள். எங்கள் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர், கல்யாணமாகி ஒன்றரை வருடம். உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி, பாஸ்டர் வீட்டில் ஒரு வாரமாகத் தங்கியிருந்தாள். அவள் புருஷனை அழைத்துப் பேசி, அவனும் சரி என்று தலையாட்டி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவளுக்குத்தான் பயம் தெளியவில்லை.

வியாழக்கிழமை பாஸ்டரம்மா நான்கு ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து ஜெபித்தார், இவர் அழுதார். பிறகு என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய், "இந்த ஞாயிறு நீங்க சாட்சி சொல்லணும் சிஸ்டர். அந்தப் பிள்ளை கேக்கணும். பொறுத்தா மாறும்னு அவளுக்கு ஒரு நம்பிக்கை வேணும்" என்றார்.

"அவரு எங்கம்மா மாறுனாரு? விழுந்துல்லா கெடக்காரு."

"விழ வச்சதும் கர்த்தர்தானே சிஸ்டர்."

அப்படியானால் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னாலேயே விழ வைத்திருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. என் உள்பாவாடையை அலசிய கையில் காபி டம்ளர் இருந்தது. சரி, சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். மைக் கைக்கு வந்தது. அந்தப் பெண் மூன்றாவது வரிசையில் ஒரு கட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பஸ் ஞாபகம் வந்துவிட்டது.

"என் வீட்டுக்காரரு குடிய விட்டுட்டாரு" என்றேன். ஆமென் என்றார்கள். "கடைக்கு நடக்க காலு இல்ல, அதனால விட்டுட்டாரு. என்னைய அடிக்கதையும் விட்டுட்டாரு. வலது கை வெளங்கல, அதான் விட்டுட்டாரு. எடது கைக்கு இன்னும் புத்தி வரல." பின்னால் யாரோ சிரித்து அடக்கினார்கள். "நான் பொறுத்ததுனால அவரு மாறுனாருன்னு யாரும் நெனைக்காதீங்க. அடைப்பு மட்டும் வரலன்னா நான் இன்னைக்கும் ஒதடு கிழிஞ்சுதான் இங்க நின்னுருப்பேன். ஏட்டி, மூணாவது வரிசையில இருக்கவளே, நீ இருபத்திரண்டு வருசம் காத்துக் கெடக்காத..."

கீபோர்டு ஆரம்பித்துவிட்டது. எங்கள் சபையில் யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார்கள், மெதுவாக வாசிக்க ஆரம்பிப்பார்கள். பாஸ்டர் அல்லேலூயா என்றார். என் மைக்கின் சத்தம் குறைந்தது, எல்லோரும் எழுந்து கை தட்டிப் பாடினார்கள். பாஸ்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கோ அன்றைக்குத்தான் ஜெயம் கிடைத்தது மாதிரி இருந்தது.

ஆராதனை முடிந்து படியிறங்கிய இடத்தில் அந்தப் பெண் எனக்காக நின்றாள். கேட்டுக்கு வெளியே அவள் புருஷன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கேட்காத தூரம்தான்.

"என்கூட வந்துரு" என்றேன். "ரெண்டு நாள் என் வீட்டுல இரு. பொறவு உங்க அம்மைகிட்ட நானே கொண்டு விடுதேன்."

அவள் பையைக் கை மாற்றிப் பிடித்தாள். "மாமாவுக்கு இப்ப யாருக்கா கஞ்சி குடுப்பா?"

"நாந்தான். ஒரு மணிக்குக் குடுக்கணும்."

"கிண்ணத்தத் தட்டிவிட்டா?"

"தொடச்சிட்டு மறுபடியும் குடுப்பேன். பட்டினி போடவா முடியும்?"

அவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை. முகம் உண்மையாகவே தெளிந்திருந்தது. ஒரு வாரமாக பாஸ்டரம்மாவால் வரவழைக்க முடியாத தெளிவு.

"இவ்வளவுக்குப் பொறவும் உங்களால இருக்க முடியுதுல்லாக்கா. அப்ப எனக்கும் முடியும்" என்றாள்.

இல்லை, முடியாது, நான் இருந்தது தப்பு, அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கியது தப்பு, இன்றைக்கு ஒரு மணிக்குப் போவதும் தப்பாக இருக்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கஞ்சிக்கு நேரமாகிவிட்டதே என்று என் கண் கைக்கடிகாரத்துக்குப் போய்விட்டது. அதற்குள் அவள் கேட்டைத் தாண்டிப் பைக்கின் பின்னால் ஏறி, பையை நடுவில் வைத்துக்கொண்டாள்.

அவன் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையைத் தாழ்த்தினான்.

"பிரைஸ் த லார்ட் அக்கா."

"பிரைஸ் த லார்ட் தம்பி" என்றது என் வாய்.