மடித்து வைத்த பெல்ட்

பெட்டிக்காரியின் சைக்கிளுக்குச் சங்கிலி கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். "என்னம்மா, சங்கிலி வழியில எங்கயாவது விழுந்துடுச்சா?" என்பார்கள். அவளும் நாலு வருஷமாகச் சலிக்காமல் வண்டியை நிறுத்தி, குனிந்து, மிதிகட்டையிலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற கறுப்புப் பெல்ட்டைத் தட்டிக் காட்டுவாள். "இதுதான் சங்கிலி. எண்ணெய் கேக்காது, துருப்பிடிக்காது, கழலாது." கியர் எங்கே என்றால் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் தடித்த குடத்தைக் காட்டி, "எட்டும் உள்ள இருக்கு. வெளிய இருந்தாத்தானே மண்ணு படும்?" என்பாள். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவள்கூட அவ்வளவு பெருமை பேசமாட்டாள்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. அவள் வேலை ரத்தம் சுமப்பது. வாய்க்கால் கரையோரம் தள்ளித் தள்ளி இருக்கிற மூன்று சின்ன ஆஸ்பத்திரிகளில் காலையில் எடுக்கிற ரத்தக் குழாய்களைப் பெட்டியில் அடுக்கி, நகரத்தில் இருக்கிற பரிசோதனைக் கூடத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். கடைசி ஆஸ்பத்திரியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். தார்ச்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். கரைமேல் போகிற சரளைக்கல் பாதைதான் நேர்வழி. கரை இளகிவிடும் என்று அதில் மோட்டார் வண்டி எதையும் விடுவதில்லை, இரண்டு முனையிலும் கல்தூண் நட்டு அடைத்திருந்தார்கள்.

பழைய சைக்கிளில் அந்தப் பாதை அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. புழுதி ஏறி ஏறிச் சங்கிலி கழலும். மாட்டினால் கையெல்லாம் மை. அந்தக் கையோடு குழாயை எடுத்து நீட்டினால் ஒட்டியிருக்கிற பேர்ச்சீட்டில் கறுப்பு விரல் பதியும். பரிசோதனைக் கூடத்துக்காரி ஒரு நாள் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல நோயாளி பேரு எது, உங்க கட்டைவிரல் எது?" என்று கேட்டாள். மானம் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் இந்த வண்டி வந்தது. ஒரு பல் டாக்டர் தொப்பையைக் குறைக்கவென்று வாங்கி, இரண்டு தடவை ஏறிவிட்டு, துணி உலர்த்த வைத்திருந்தார். கல்பாதைக்கென்றே செய்த வண்டி, தடித்த டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில். கொடுக்கும்போது ஒரு வட்டமான அட்டைப்பெட்டியில் இன்னொரு புதுப் பெல்ட்டும் சேர்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பெல்ட்டைக் கழுவுவதோடு சரி, வேறு ஒரு வேலையும் அந்த வண்டி வைத்ததில்லை. பெட்டிக்காரியின் கை மருத்துவச்சி கை மாதிரி சுத்தமாக ஆகிவிட்டது.

அவள் புருஷனுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் விடுதிகளின் விரிப்புகளும் மலைமலையாக வரும். துவைக்க மிஷின், பிழிய மிஷின், மடிக்க மட்டும் மனிதன். மூலையோடு மூலை சேர்த்து, உதறி, தட்டி, எட்டாக மடித்து அடுக்குவார். இருபத்தைந்து வருஷம் அதையே செய்ததில் அவருக்கு மடிப்புக்காரர் என்றே பெயராகிவிட்டது. அவர் கையில் அகப்பட்ட எதுவும் விரிந்து கிடந்ததில்லை. கடையிலிருந்து வந்த காகிதப்பை, பழைய செய்தித்தாள், சாப்பிடுகிற மாத்திரையின் காலி அட்டை எல்லாம் மடிந்து போகும். "உங்களை விட்டா என்னையும் மடிச்சு அலமாரியில வெச்சுடுவீங்க" என்பாள். "நீ மடியமாட்ட, கஞ்சி அதிகம்" என்பார் அவர்.

அப்படிப்பட்டவர், அந்த வட்டப் பெட்டி அலமாரியில் இடத்தை அடைக்கிறது என்று, புதுப் பெல்ட்டை வெளியே எடுத்து, மூன்றாக மடித்து, நூல் சுற்றிக் கட்டி, மேலே இஸ்திரிப் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டார். கூட இருந்த படம் போட்ட தாளை விரித்து அலமாரித் தட்டுக்குப் போட்டுவிட்டார். அந்தத் தாளில்தான், பெல்ட்டை மடிக்காதே என்று பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தது. உள்ளே நரம்பு மாதிரி நூல் நூலாக ஓடுகிற வலுவெல்லாம், ஒரு தடவை மடித்தால் அந்த இடத்தில் முறிந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. இது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

இந்த வருஷம் மடிப்புக்காரர் கையிலிருந்து விரிப்பு நழுவ ஆரம்பித்தது. படி ஏறினால் மூச்சு. தொட்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றிப்போயிற்று. அவர் ரத்தத்தையும் அவள்தான் தன் பெட்டியில் கொண்டுபோனாள். ஏழு தடவை கொண்டுபோனாள், ஏழு தடவையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சின்ன ஆஸ்பத்திரிக்கு வருகிற பெரிய டாக்டர், "எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையை எடுத்துப் பார்த்தாத்தான் என்ன நோய்னு தெரியும். தெரிஞ்சாத்தான் மருந்து" என்றார். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி உறிஞ்ச வேண்டும். போன மாதம் ஒரு முறை இறக்கினார்கள், ஒரு சொட்டுகூட வரவில்லை. மடிப்புக்காரர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது.

"இன்னொரு தடவைதான்" என்று அவர் அவளிடம் சொல்லியிருந்தார். "உனக்காக ஒரே ஒரு தடவை. அதுவும் வீணாப் போச்சுன்னா, எனக்கு விதிச்சது இவ்வளவுதான்னு விட்டுடணும். அப்புறம் என்னை இழுக்கக் கூடாது."

"சரி" என்றாள். வேறு என்ன சொல்லுவாள்?

அந்த இன்னொரு தடவைக்கு நாலு நாள் முன்னால், பின் பல்சக்கரத்தில் ஒரு கூழாங்கல் மாட்டிப் பழைய பெல்ட்டின் மூன்று பற்களைப் பெயர்த்துவிட்டது. மிதித்தால் வழுக்கியது. இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து, பின்சட்டத்தில் இருக்கிற ஆணியைக் கழற்றி, அந்த இடைவெளி வழியாக மடித்து வைத்த பெல்ட்டைப் பிரித்து நுழைத்தார்கள். அவருக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெம்பில்லை, ஆனாலும் விடவில்லை. பெல்ட்டில் இரண்டு இடத்தில் வெள்ளைக்கோடு தெரிந்தது.

"இதென்னங்க கோடு?"

"மடிப்புத் தடம். நாலு நாள் ஓட்டினா தானா விட்டுடும். எத்தனை விரிப்பு பார்த்திருக்கேன்."

அவள் நம்பினாள். மடிப்பைப் பற்றி அவரிடம் போய் யார் வாதாடுவார்கள்?

அந்த நாளும் வந்தது. பத்தரைக்கு ஊசி இறக்கினார்கள். இந்தத் தடவை வந்தது, குழாயில் கால்வாசி, அடர்ந்த சிவப்பு. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. டாக்டர் குழாயை அவள் கையில் கொடுத்து, "ஒரு மணிக்குள்ள கூடத்துல இருக்கணும். ஒரு மணிக்கு மூடினா ரெண்டு நாள் விடுமுறை. இதுல இருக்கிறது உயிருள்ள அணு, ரெண்டு நாள் தாங்காது" என்றார்.

"ஒரு மணி எதுக்கு? பன்னிரண்டேகாலுக்குப் போய் நிப்பேன்" என்றாள் பெட்டிக்காரி.

சலவைக்கூடத்து நண்பர் ஒருவர் அவரை வீட்டுக்கு அழைத்துப்போக, அவள் பதினோரு மணிக்குக் கரைமேல் ஏறினாள். வெயில் இருந்தது, எதிர்காற்று இல்லை. வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. ஏழாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டி, சின்ன மேட்டில் எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தாள். பட்டென்று ஒரு சத்தம். கால் வெறுமனே சுழன்று, முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. பெல்ட் அறுந்து, செத்த பாம்பு மாதிரி பின்னால் கல்லில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். வெள்ளைக்கோடு இருந்த இடத்தில், கத்திரிக்கோலால் வெட்டியதுபோல நேராக அறுந்திருந்தது.

அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அறுந்தது அவர் மடித்த மடிப்பில். பெட்டியில் இருப்பது அவர் உயிர்.

நின்று அழ நேரமில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். இறக்கம் வந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து உருட்டினாள், சமதளத்தில் ஒரு காலை மிதிகட்டையில் வைத்து மறுகாலால் தரையை உந்தினாள். செருப்பு வார் அறுந்தது, கழற்றி எறிந்தாள். கூடத்துக்கு மூன்று தடவை போன் செய்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. பத்தாவது கிலோமீட்டரில் கரையை ஒரு மண்சாலை குறுக்கே வெட்டுகிற இடத்தில் சைக்கிள் பழுதுபார்க்கிற கடை ஒன்று உண்டு. அங்கே போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு பத்து. பஸ் பன்னிரண்டுக்கே போயிருந்தது. வேறு வண்டி ஒன்றும் கண்ணில் படவில்லை.

கடைக்காரர் பெல்ட்டை வாங்கி இழுத்துப் பார்த்தார். "இது என்ன, மாவு மில்லு பட்டையா?"

"அண்ணே, சங்கிலி ஏதாவது மாட்டிக் குடுங்க. போய்ச் சேர்ந்தாப் போதும்."

"பல்லு வேற மாதிரி இருக்கே. சங்கிலி இதுல உக்காராது. இரு, டியூப் ரப்பரை வெட்டி இழுத்துக் கட்டிப் பார்ப்போம்."

"வேணாம்ணே, உங்க சைக்கிளைக் குடுங்க."

"என்கிட்ட வந்த வண்டி எதுவும் ஓடாமப் போனதில்ல, தெரியுமா? அஞ்சே நிமிஷம்."

அந்த அஞ்சு நிமிஷம் பதினைந்து நிமிஷமாயிற்று. கட்டிய ரப்பர் நாலு மிதிக்குத் தாங்கியது, ஐந்தாவதில் தெறித்து அவர் மூக்கிலேயே அடித்தது. அவள் பெட்டியைத் திறந்து குழாயை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என் வீட்டுக்காரரோட எலும்புச் சாறு! ஒரு மணிக்குள்ள போகலேன்னா அவரை நீங்க வந்து தூக்கிப் போடுறீங்களா?" மனிதர் அரண்டுபோய், பழுதுபார்க்க வந்திருந்த யாருடையதோ ஒரு சைக்கிளை உருட்டிக் கொடுத்தார். "சங்கிலி கொஞ்சம் தளர்ச்சி. பார்த்துப் போம்மா."

கொஞ்சமாம்! எட்டு கிலோமீட்டரில் ஐந்து தடவை கழன்றது. ஒவ்வொரு தடவையும் கல்லில் மண்டியிட்டு மாட்டினாள். மூன்றாவது தடவை விரல் பல்சக்கரத்தில் சிக்கி நகம் பெயர்ந்தது. வலி தெரியவில்லை. வழியெல்லாம் அவள் யாரையும் வேண்டவில்லை. "நில்லுடி, நில்லுடி" என்று பரிசோதனைக் கூடத்துக்காரியிடம்தான் மனதுக்குள் கத்திக்கொண்டே போனாள்.

கூடத்துக்காரி நின்றுகொண்டுதான் இருந்தாள். பாதிக் கதவைச் சாத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபத்தைந்து.

"அக்கா! இவ்வளவு நேரம் எங்க போனீங்க? டாக்டர் சொன்னாரேன்னு காத்திருந்தேன். மெஷினைக் கழுவி மூடிட்டாங்க, ஓட்டுறவர் ஊருக்கே போய்ட்டாரு."

"திறக்கச் சொல்லு."

"ஓட்டுறது அவர் ஒருத்தர்தான்க்கா. எனக்குப் பதிவு மட்டும்தான் தெரியும்."

"வேற கூடம்?"

"இந்த மெஷின் இங்க மட்டும்தான்."

பெட்டிக்காரி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். வாழ்நாளில் யார் காலையும் பிடித்தவளில்லை. கூடத்துக்காரி பதறித் தானும் தரையில் உட்கார்ந்து, யார் யாருக்கோ போன் செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அன்று காலை மற்ற நோயாளிகளிடம் எடுத்த மூன்று ரத்தக் குழாய்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். மஜ்ஜைக் குழாயையும் வைத்துவிட்டு, பொய் சொல்லாத பெண், சொல்லிவிட்டாள்: "வெச்சிருக்கேன்க்கா. ஆனா இது ஆகாது. திரும்ப எடுக்கணும்."

திரும்பி வந்தது பஸ்ஸில். இரவல் சைக்கிளைக் கூடத்து வாசலிலேயே விட்டிருந்தாள். தன் சைக்கிளும் அறுந்த பெல்ட்டும் கடைக்காரரிடம். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் யோசித்தது ஒன்றுதான். உள்ளதைச் சொன்னால் அவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். கத்தமாட்டார். 'என் கையாலேயே நான் மடிச்சுக்கிட்டேன், பார்த்தியா' என்று மெல்லச் சிரிப்பார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அதற்கப்புறம் ஊசி என்ன, சோறுகூட வாயில் இறங்காது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"சேர்த்துட்டியா?"

"இல்ல. நேரமாயிடுச்சு. மூடிட்டாங்க."

அவர் முகம் வெளுத்தது. "வண்டிக்கு என்ன ஆச்சு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. வழியில, முன்னாடி என்கூட வேலை பார்த்தவ ஒருத்தியைப் பார்த்தேன். நிழல்ல உக்காந்து பேசிட்டு இருந்ததுல நேரம் போனதே தெரியல."

"பேசிட்டு இருந்தியா?"

"ஆமா. கொஞ்ச நேரம்தான்னு நினைச்சேன்."

"என் எலும்பை ஓட்டை போட்டு எடுத்ததைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நீ பேசிட்டு இருந்தியா?"

"மனுஷின்னா நாலு வார்த்தை பேசமாட்டாளா?" என்றாள் பெட்டிக்காரி. நகம் பெயர்ந்த விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கொஞ்சமும் கண்ணைத் தாழ்த்தாமல்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் யாரும் பிடிக்காமல் அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார், இருபத்தைந்து வருஷத்தில் கத்தாததையெல்லாம் சேர்த்துக் கத்தினார். பொறுப்பில்லாதவள் என்றார், கல்நெஞ்சுக்காரி என்றார். கன்னத்தில் ஒரு துளி ரத்தம் ஏறியது. அவள் கதவோரம் நின்று, அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்கி ஓய்ந்தபின் அவர் கேட்டார்: "அந்த டாக்டர் மறுபடி எப்ப வர்றாரு?"

"பதினாலு நாள் ஆகும்."

"பெட்டியை நீ தொடக் கூடாது. உன்னை நம்பினது போதும். நானே மடியில வெச்சுக் கொண்டுபோறேன்."

"எப்படிப் போவீங்க? அந்த வண்டியில பின்னாடி ஆள் உக்கார முடியாது."

"நடந்து போறேன்."

"பதினெட்டு கிலோமீட்டர்."

"அதுக்கென்ன? உன்னை மாதிரி வழியில உக்காந்து பேசமாட்டேன் இல்ல?"